பைப்பில் ஒரு ஓட்டை

"பைப்புல ஓட்டை போட்டவன் பிளம்பரா, எலியா சார்?"

விஜயபாண்டி கேட்டதும் தனுஷ்கோடி சார் சிரித்துவிட்டார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் சிரிப்பதே அபூர்வம். விஜயபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

ராஜபாளையத்தில் அவர் வீட்டு ஹாலில் ஆறடி நீள மீன்தொட்டி. கீழே மரப்பெட்டிக்குள் சின்னத் தொட்டி ஒன்று. மேலே வழிகிற தண்ணீர் கீழே இறங்கிச் சுத்தமாகும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். மோட்டார் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் சூடு ஏறுகிறது என்று, அதை வெளியே வைத்துப் பொருத்தத்தான் விஜயபாண்டியை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவழைத்திருந்தார்.

கீழ்த்தொட்டியின் பக்கவாட்டில் துளையிட்டு வால்வு, கழற்றி மாட்ட வசதியாக யூனியன் இணைப்பு, மோட்டார் எல்லாம் கச்சிதமாகப் பொருத்தினான். மேலே ஏறும் பைப் மட்டும் பழசு, அடுத்த தெரு மாரிசெல்வம் மூன்று வருஷம் முன்னால் போட்டது. மேல்தொட்டிக்குள் அது இறங்கும் இடத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அந்த ஓட்டை. தண்ணீர் அதில் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

ஒழுகலைப் பார்த்தால் பிளம்பர் கை சும்மா இருக்குமா? மோட்டாரை நிறுத்தி, துடைத்து, எம்சீல் பசை வைத்து அடைத்தான். மாரிசெல்வத்தைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

மறுநாள் தன் ஊரில் ஞானதுரையின் வண்ணமீன் கடைக்குக் குழாய் மாற்றப் போனவன், இதே கதையைக் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொன்னான். ஞானதுரை சிரிக்கவில்லை.

"அடப்பாவி, அடைச்சுட்டியா? கரண்ட் போனா மோட்டார் நின்னுரும்ல. மேல இருக்க தண்ணி அதே பைப் வழியாக் கீழ இழுத்துக்கிட்டு வரும். அந்த ஓட்டை வழியாக் காத்து போனாத்தான் நிக்கும். இல்லன்னா கீழ்த்தொட்டி ரொம்பி வீடெல்லாம் தண்ணிதான்."

மோட்டாருக்கான பிளக் பாக்ஸை எங்கே வைத்தாய் என்று கேட்டார். தரையில் என்றான்.

ஞானதுரை கடிகாரத்தைப் பார்த்தார். ராஜபாளையத்தில் அன்றைக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்கு வரும் என்று பேப்பரில் போட்டிருந்தது. மணி இப்போது ஒன்றரை.

விஜயபாண்டி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். சார் மகள் கார்த்திகா வீட்டில் இருந்து பரீட்சைக்குப் படிக்கிறவள். இந்நேரம் வெறுங்காலோடு நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தால்?

சாருக்குப் போன் அடித்தான். மணி போனது, எடுக்க ஆளில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்கே பயந்துபோய் வண்டியை உதைத்தான்.

வழியெல்லாம் அவன் வேண்டாத தெய்வமில்லை. தெருமுனையில் திரும்பும்போது மாவு மில் இரைய ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது.

சார் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் கூடி நின்றார்கள். வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினான்.

உள்ளே கார்த்திகா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளை உயிரோடு பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பிளக் பாக்ஸ் இப்போது சுவரில் உயரமாகத் தொங்கியது. தொட்டி முன்னால் நின்று எம்சீலைச் சுரண்டிக்கொண்டிருந்தார் மாரிசெல்வம்.

"பிள்ளை இந்தத் தண்ணியிலதான்யா நின்னுக்கிட்டு இருந்தா" என்றார் தனுஷ்கோடி சார். "கூப்பிட்டதும் இவன் ஓடி வந்து, கரண்ட் வர்றதுக்குள்ள மெயினை ஆப் பண்ணலைன்னா என்ன ஆயிருக்கும்? ஒன்ன போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாத்தான் சரிப்படும்."

மாரிசெல்வம் கையைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"அவரை ஏசாதீங்க சார். அந்த ஓட்டை எதுக்குன்னு நான் உங்ககிட்டயும் சொல்லல, பைப்புலயும் எழுதி வைக்கல. ஒழுகுறதக் கண்டா நல்ல வேலைக்காரன் அடைக்கத்தான் செய்வான்."

"அப்ப தப்பு உம்மேலயா?"

"எம்மேலதான் சார்."

அவ்வளவுதான், சார் கோபம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினார். மாரிசெல்வம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு வார்த்தை விஜயபாண்டி சொல்லியிருக்கலாம். போலீஸ் பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும்தான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"அண்ணே, நேத்து ஒங்களைக் கேவலமாப் பேசிட்டேன்."

"தெரியும். சார் சொன்னாரு."

"பொறவு எதுக்குண்ணே எனக்காக ஏச்சு வாங்குனீங்க?"

மாரிசெல்வம் பையைச் சைக்கிளில் மாட்டினார்.

"நானும் மொத மொத ஒரு வீட்டுல அந்த ஓட்டைய அடைச்சவன்தாம்ல. அன்னைக்கு எனக்காகப் பேச ஒரு ஆள் இல்ல."