கீழே ஒருத்தரும் இல்லை

“கீழ ஆராவது குடியிருக்கினமோ?”

கோப்பும் கையுமாக வாசலில் நின்றவர் தமிழிலேயே கேட்டபோது அருள்மலர் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

நகரசபையிடம் பெர்மிட் எடுக்காமல் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டைக் கட்டி முடித்த நாளிலேயே கணவர் றெமிஜியஸ் சொல்லிவைத்திருந்தார். “சிற்றி ஆக்கள் வந்தால் பெட்டிதான் கிடக்குது எண்டு சொல்லும். பிடிபட்டால் உடைக்கச் சொல்லுவாங்கள். வீட்டுவரியும் ஏறும்.”

“ஒருத்தரும் இல்லைத் தம்பி. பழைய பெட்டியள்தான்.”

“மகனும் மருமகளும்?”

அவர்கள் கீழே இருப்பதையும் ஆரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டை மனதுக்குள் திட்டினாள்.

“மகன் அங்கால விட்பி ரவுனில தனிய இருக்கிறான். மருமகளைக் கண்டு கனநாள்.”

அவர் எழுதிக்கொண்டார். ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

மருமகள் ஸ்டெபனி கீழிருந்து படியேறி வந்தாள். “ஆர் மாமி வந்தது?”

“சிற்றிக்காரன். நல்லாய்ப் பேய்க்காட்டி அனுப்பிப்போட்டன்!”

ஸ்டெபனி அட்டையை வாங்கிப் பார்த்தாள். கனடாவில் நிரந்தரமாகத் தங்க அவளுக்காகப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்காக, புருஷனும் மனைவியும் உண்மையிலேயே ஒன்றாக வாழ்கிறார்களா என்று பார்க்க வந்த குடிவரவு அதிகாரி அவர்.

கல்யாண அல்பத்தைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு பனிக்குள் இறங்கி, அந்தக் காரின் பின்னால் ஓடினாள்.