கத்தரிப்பூ நிறம்

குச்சியைப் போட்டு எவ்வளவு கலக்கியும் பெயின்ட் வாளிக்குள் கத்தரிப்பூ நிறம் வருவேனா என்றது.

நீலத்தோடு சிவப்பைச் சேர்த்தால் வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் குல்ஸாத்துக்கு. வந்ததோ, வேகவைத்த ஆட்டு ஈரலின் நிறம். இன்னும் கொஞ்சம் சிவப்பு ஊற்றினாள். மோசமானது. வெள்ளை ஊற்றினாள். சேற்றில் பால் கொட்டியதுபோல ஆனது.

அவள் வாங்கியது தக்காளிச் சிவப்பு. அதற்குள் ஏற்கெனவே மஞ்சள் இருக்கிறது. நீலமும் போய்ச் சேர்ந்தால் மூன்றும் அடித்துக்கொண்டு சேறாகிவிடும். ரோஜாப் பக்கம் சாய்ந்த சிவப்பாக வாங்கியிருக்க வேண்டும். ஓவியக் கல்லூரியில் படித்தவளுக்கு இது தெரிந்திருக்கும்.

குல்ஸாத் அந்தக் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. பிறந்த ஊரான தலாஸில், சந்தையில் சம்சா சுட்டுக்கொண்டிருந்தவள்.

ஆனால் கல்யாணமாகி வந்த கரகோலில் இந்தத் தெருவே அவளை ஓவியக் கல்லூரி மருமகள் என்கிறது. கல்யாணத்தன்று முக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது பெண்கள் அப்படிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அம்மாதான் வாய் கூசாமல் அளந்துவிட்டிருக்கிறாள். இல்லையென்று சொன்னால் அம்மாவின் மானம் போகும். பேசாமல் இருந்துவிட்டாள்.

அப்புறம் போனில் ஒருநாள், உன் கல்லூரிப் பொய்யால் இங்கே தலைகுனிந்து வாழ்கிறேன் என்று அம்மாவிடம் கத்தித் தீர்த்தாள். அம்மா மறுத்துக்கூடப் பேசவில்லை. அதற்குப் பிறகு அம்மா கூப்பிட்டால் இவள் எடுப்பதில்லை.

நூருஸ் வசந்தப் பண்டிகைக்கு எல்லார் வீட்டு வாசற்கதவுக்கும் நீலம்தான். உங்கள் கதவுக்காவது மருமகள் கைவண்ணத்தைக் காட்டட்டுமே என்று எதிர்வீட்டு சைராகான் சீண்டிவிட்டாள். மாமியார் புருல் அதெல்லாம் எதற்கு என்று மழுப்பிப் பார்த்தாள். பிறகு ரோஷம் வந்து ஒத்துக்கொண்டாள். கத்தரிப்பூ நிறம் அடிக்கலாம் என்று குல்ஸாத் மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டாள். இப்போது சைராகானும் அக்கம்பக்கத்துப் பெண்களும் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

காய்ந்தால் மாறிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே குல்ஸாத் இடது கதவில் பூசத் தொடங்கினாள். காதுமடல் எரிந்தது. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

“ஏம்மா, காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றாள் சைராகான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

புருல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இன்னொரு பிரஷை எடுத்து அதே சேற்றில் முக்கி வலது கதவில் இழுத்தாள். தான் கேட்ட நிறமே இதுதான், ஊரெல்லாம் நீலமாகப் பார்த்துச் சலித்துப்போய்விட்டது என்றாள். சைராகான் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

பெண்கள் போனதும் குல்ஸாத்துக்கு அடக்க முடியவில்லை. கல்லூரியும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மா பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்துவிட்டாள், மன்னித்துவிடுங்கள் அத்தை என்று அழுதாள்.

புருல் திரும்பவில்லை. பூசிய இடத்திலேயே மறுபடி மறுபடி பூசிக்கொண்டிருந்தாள். அவள் காதும் சிவந்திருந்தது.

“நாங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உங்கம்மா உள்ளத உள்ளபடி சொல்லிட்டா கண்ணு. தெருவுல காலேஜுன்னு சொன்னது நான்தான்.”

மாமியாரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் அம்மா அன்று மறுத்துப் பேசவில்லை என்பது குல்ஸாத்துக்கு இப்போதுதான் உறைத்தது.

கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்துக் கூப்பிட்டாள். முதல் மணி முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.