பூட்டிய தமிழ்

ஸ்பானிஷ் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த அன்றே பெனிட்டாவின் தமிழைப் பூட்டிவிட்டார்கள். படிப்பு முடியும்வரை தமிழில் ஒரு சொல்கூடப் புரியாது, நாவிலும் வராது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஸ்பானிஷ் ஊறுமாம். வீட்டில் கணவன் தங்கதுரையிடம் கைஜாடைதான். பேசப் பழகிக்கொண்டிருந்த மகள் ஜெனியிடம் மட்டும் ஓயாத ஸ்பானிஷ். கொஞ்சலும் அதில்தான், திட்டும் அதில்தான்.

இன்று பூட்டைத் திறந்தார்கள். பாளையங்கோட்டை பஸ்ஸில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைப் பலகைகளை வாய்விட்டு வாசித்தாள். கண்டக்டரிடம் தேவையில்லாமல் மணி கேட்டாள். நிறுத்தம் வருமுன்பே படிக்கட்டில் வந்து நின்றுகொண்டாள்.

வாசலிலிருந்தே கூப்பிட்டாள். “என் தங்கமே, அம்மா வந்துட்டேன்! ஓடி வா!”

ஜெனி வரவில்லை. அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஒளிந்தாள்.

“ஏட்டி, உங்கம்மை தமிழ் பேசுதா, பாரு! கிட்டப் போ!” என்று தங்கதுரை சிரித்துக்கொண்டே முன்னே தள்ளினான்.

பிள்ளை பெனிட்டாவின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு அவளைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்து, பிசிறில்லாத ஸ்பானிஷில் கேட்டது:

“எங்க அம்மா எப்போ வருவா?”