நம்ம கடல்

"லாரி பிரான்ஸ் துறைமுகத்துலயே நிக்குதாம். ஒரு கையெழுத்து குறையுதுன்னு நம்ம சால்மன் மீனை இறக்க விடமாட்டேங்கிறாங்க. ஐஸ் உருகிட்டிருக்கு, ஆஸ்லா!"

போனை மேஜையில் வீசினார் கில்பர்ட். மீன்பிடிப் படகை விற்ற பணத்தைப் போன வருஷம்தான் ஷெட்லாண்ட் தீவின் ஒரு சால்மன் பண்ணையில் போட்டிருந்தார்.

"டீயைக் குடிங்க, ஆறிடும்" என்றாள் மனைவி.

"நம்ம நாடு ஐரோப்பாவை விட்டுப் பிரியணும்னு ஓட்டுப் போட்டவன் கை விளங்காமப் போகட்டும்! நான் அன்னைக்கு நடுக்கடல்ல இருந்தேன். இந்தப் பாவத்துல எனக்குப் பங்கில்ல."

ஆஸ்லா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இருக்குங்க. உங்க ஓட்டை நான் போடலாம்னு எழுதிக் கொடுத்துட்டுத்தானே கடலுக்குப் போனீங்க?"

"நீ... எதுக்குப் போட்டே?"

"நம்ம கடல்ல வெளிநாட்டுக்காரன் வலை வீசக் கூடாது, பிரியறதுக்கே போடுன்னு படகுலேருந்து வயர்லெஸ்ல கத்தினீங்க. ரெண்டு ஓட்டையும் அதுக்கே போட்டேன்."

"இப்போ அந்த வெளிநாட்டுக்காரன்தான் நம்ம மீனை வாங்கித் திங்கணும்" என்றார் கில்பர்ட்.

ஆஸ்லா வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"சொல்லுங்க. இது விளங்கணுமா, வேண்டாமா?"