காவல்காரன் கேட்ட பழம்

உடவத்தகலேக் காட்டு வாசலில், காவல்காரன் ஹாஷிம் கை நீட்டிப் பழம் கேட்டான்.

கண்டி ராசாமார் காத்த காட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் பழம் பறிக்கவா அவனுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது? அதுவும் நோன்பு மாதத்தில், நட்ட நடுப் பகலில்!

பேராதனை ரயில் ஸ்டேஷன் கிளாக்கர் வலன்ரைன், பாவம், கூடையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். அவரைக் கூட்டிவந்த அக்குறணைப் புடவைக்கடை முஹைதீன் முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரும் நோன்பு. எச்சிலை விழுங்கக்கூட யோசிக்கிற மனிதர்.

ஆனாலும் காட்டுக்குள் நடக்க நடக்க முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ராசா குளித்த குளத்தைக் காட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து நீண்டு வளைந்த ஓர் அலகை எடுத்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை அத்திமரத்தில் ஒரே வெடியில் விழுந்த இருவாய்ச்சிப் பறவையாம். வேலிக்கு வெளியேதான் சுட்டாராம், சட்டம் தெரியாதவரா அவர்?

அப்போதுதான் ஹாஷிம், பழத்தோடு புதருக்குள் நழுவுவது தெரிந்தது. முதலாளி விடவில்லை, வலன்ரைனையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

அவன் மூங்கில் ஏணி வைத்து ஒரு மரத்தில் ஏறியிருந்தான்.

"எறங்குடா! நோன்போட ஒளிச்சுத் தின்னவா மரத்துல ஏறின? பள்ளியில செல்லி ஒன்னய ஜமாஅத்த விட்டே தள்ளி வெக்கிறன்."

ஹாஷிம் இறங்கி வந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. விரலெல்லாம் பிசைந்த பழம்.

மேலே பொந்தைக் காட்டினான். இருவாய்ச்சிப் பேடு குஞ்சு வளரும்வரை தன்னை உள்ளே வைத்துப் பொந்தின் வாயை மண்ணால் பூசிக்கொள்ளுமாம். சின்ன வெடிப்பு வழியாகச் சேவல்தான் பழம் ஊட்ட வேண்டுமாம். சிறகு உதிர்ந்த பேட்டால் வெளியே வந்து இரை தேட முடியாதாம்.

"வெள்ளிக்கிழம போன சேவல் இன்னம் வரல்ல மொதலாளி. உள்ள குஞ்சு கத்துது. அது வாற வரைக்கும் நான் குடுக்கிறன். நீங்க எங்கயாச்சும் கண்டீங்களா?"

வலன்ரைன் முதலாளியின் சட்டைப்பையையே பார்த்தார்.

முதலாளி ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டார். மறு கையால், நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை ஹாஷிமிடம் நீட்டினார்.

ஹாஷிமுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க இந்தப் பறவைக்குச் செஞ்சதுக்கு, அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான் மொதலாளி."