ராணித் தலை வெள்ளிக்காசு

“முப்பதாயிரம் தரலாம்மா. அதுக்கு மேல கஷ்டம்” என்றார் பழங்காசுக் கடைக்காரர், காசு விற்க வந்திருந்த அம்மாவிடம்.

உள்ளறையில் ரசீதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பிய அவர் மனைவிக்கு, காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகமாகிவிட்டது.

தபாலாபீசில் ஓய்வு பெற்று, ஒரு மாதமாகத்தான் அவள் கடைக்கு வருகிறாள். கப்பலேறி வந்து நாட்டை ஆண்டவர்கள் அச்சடித்துவிட்டுப் போன காசுகள்தான் கடை முழுக்க. சேகரிக்கிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். மத்தியான வெயில் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும்போது, தட்டுத் தட்டாக அந்தக் காசுகள் குட்டி நிலாக்கள் மாதிரி மங்கலாக மினுங்கும். எத்தனை மடியில், எத்தனை முந்தானை முடிச்சில் இருந்துவிட்டு வந்திருக்கும் இவையெல்லாம் என்று அவள் மனசு எங்கெங்கோ மிதந்து போகும். பொழுது போவதே தெரியாது.

விலை போடும் வித்தையைக் கணவர்தான் சொல்லித் தந்திருந்தார். எழுத்தும் தலையும் எவ்வளவு தேயாமல் இருக்கின்றன என்பது தரம். பார்த்ததுமே கண்ணை இழுக்கிறதா என்பது அழகு. யார் யார் கை மாறி வந்தது என்பதற்குச் சீட்டு இருந்தால் அது பூர்வீகம். சம்பந்தம் பேசுகிற மாதிரியே இருக்கிறதே என்று அவள் சிரித்திருந்தாள்.

இன்று வந்த காசுக்கு மூன்றும் அமைந்திருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

கொண்டுவந்தது ஒரு வயதான தம்பதி. பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்காகத்தான் அந்தம்மா தன் தாய் வீட்டிலிருந்து வந்த ஒற்றை வெள்ளிக்காசை எடுத்துவந்திருந்தார். எண்பது வருஷத்துக்கு முந்தைய ஏல ரசீது, அவருடைய பாட்டனார் பெயரோடு மடிப்புக் கலையாமல் இருந்தது. டப்பாவைத் திறந்ததும் ராணியின் முகம் நேற்று அச்சடித்ததுபோல ஜொலித்தது. திறந்து பார்த்துப் பல வருஷமாச்சு, இப்படி இருக்கும்னு நானே நினைக்கலை என்று அந்தம்மாவே அசந்துபோனார்.

அந்தக் காசுக்கா முப்பதாயிரம்? இதே ராணி, இதே வருஷம், சீட்டே இல்லாத காசுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று காலையில்தான் அவள் விலைப்பட்டியலில் டைப் அடித்திருந்தாள்.

அந்தம்மா ரசீதை மறுபடி காட்டினார். இன்னும் கொஞ்சம் பார்த்துச் சொல்லக் கூடாதா என்றார். காரணமாவது சொல்லுங்கள் என்றார். கடைக்காரர் லென்ஸை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சந்தை படுத்துக் கிடக்கிறது என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். மனைவி நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“இது ஒரு கண்ணுக்குத்தான் ஆகும்” என்றார் அந்தம்மா கடைசியில்.

பெரியவர் ஜன்னலோர நாற்காலியில் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு போதுமே. உன்னைப் பார்க்க ஒரு கண்ணு போதாதா எனக்கு?” என்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தே சிரித்தார்.

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பணத்தை எண்ணாமலே பையில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பூதக்கண்ணாடியில காசுதான் பெருசாத் தெரியும் போல. மனுஷங்க தெரிய மாட்டாங்க” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கணவரின் கையைப் பிடித்துப் படியிறங்கினார்.

கடைக்காரர் தலையைக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டார்.

மனைவிக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பத்திரண்டு வருஷம் கூடவே குப்பை கொட்டிய மனுஷன் இவ்வளவு கல்நெஞ்சக்காரரா? இப்படி வந்த பணத்திலா இத்தனை நாள் வீட்டில் அடுப்பு எரிந்தது? விலைப்பட்டியலைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

“இது என்னங்க நியாயம்?”

அவர் லென்ஸை அவள் கையில் கொடுத்து, மேஜை விளக்கைக் காசின் பக்கம் இழுத்துவிட்டார்.

வெறும் கண்ணுக்கு நிலவாகத் தெரிந்தது, லென்ஸுக்கு அடியில் வேறாக இருந்தது. ராணியின் கன்னம், கழுத்து, சுற்றியிருந்த எழுத்து, எங்கே பார்த்தாலும் சீப்பால் வாரிவிட்ட மாதிரி மெல்லிய கீறல்கள். யாரோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நூறு வருஷமாகப் படிந்த மங்கல்தான் பழங்காசுக்குத் தோல், அதை உரித்துவிட்டால் தரமும் போச்சு, அழகும் போச்சு என்றார் அவர். இனி சேகரிக்கிறவர்கள் யாரும் சீண்ட மாட்டார்களாம். ரசீதையும் சேர்த்து வைத்தால் ஐயாயிரம் தேறினாலே பெரிய விஷயமாம்.

அவள் லென்ஸைக் கீழே வைத்தாள்.

“அப்போ இருபத்தஞ்சாயிரம் கூடத்தான் கொடுத்திருக்கீங்க. அதை அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல? எதுக்கு இந்தப் பேச்சு வாங்கணும்?”

அவர் காசை எடுத்து டப்பாவில் வைத்து மூடினார்.

“நீ உள்ள இருந்தப்போ, அந்தம்மா போன் பேச வாசலுக்குப் போனாங்க. பெரியவர் மேஜையைத் தடவித் தடவி என்கிட்ட வந்தார். ‘அவளுக்குத் தெரியாம மூணு நாளா பல்பொடி போட்டுத் தேய்ச்சேன் தம்பி. கண்ணு தெரியலை, விரலால தடவிப் பார்த்துத்தான் தேய்ச்சேன். இப்போ நல்ல விலை வரும்தானே?’ன்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வரும்னு சொல்லிட்டேன்.”