சோகை பிடித்த முயல்கள்

“இது ரத்தமா? தண்ணி கலந்த சோபோப் பூ சர்பத் மாதிரி இருக்கு!”

பேராசிரியர் அகோசு கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டினார். மாணவி சேவூசே சற்று முன்னால் முயலின் காது நரம்பிலிருந்து எடுத்து வந்த ரத்தம்.

“எந்தக் கூண்டு?”

“கன்ட்ரோல், சார்.”

“நல்லா இருக்கு. வேகவச்ச பூனைக்காலி விதை தின்கிற முயல் குதிக்குது. வழக்கமான கடலைப் புண்ணாக்கு தின்கிற முயல் சோகை பிடிச்சு உட்கார்ந்திருக்கு. எதை எதோட ஒப்பிடுவே?”

ஒப்பிட முடியாவிட்டால் ஆய்வு செல்லாது. செல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே மக்கூர்டி நகர வெயில், இதே முயல் மூத்திர வாடை.

“முயலுக்குப் புண்ணாக்கு சரியாப் போய்ச் சேரலே. நீதான் தின்னியா?”

“சார்!”

“விடுதிப் பிள்ளைகளை எனக்குத் தெரியாதா? மரவள்ளி மாவைத் தண்ணியிலே ஊறப்போடுவீங்க, கடிச்சுக்கப் புண்ணாக்கு. முயல் வாயிலேருந்து பிடுங்கித் தின்கிற கூட்டம்! திருடனைக் கண்டுபிடி. இல்லேன்னா அடுத்த வருஷம் வா.”

கொட்டகையில் முயல்களுக்குத் தீனி வைக்கும் ஓச்சே கூண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, புண்ணாக்கு எங்கே போகுது?”

“யாருக்குத் தெரியும்? மூட்டை குறைஞ்சுக்கிட்டே வருது. தவிட்டைக் கூடப் போட்டு ஒப்பேத்தறேன். முயல் என்ன புகாரா எழுதப்போகுது?”

“நீங்க திங்கலையே?”

ஓச்சே வாயை அகலமாகத் திறந்து காட்டினார். “எதை வச்சுக் கடிக்கிறது, தங்கச்சி?”

மதியம் சேவூசே தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தாள். மூக்கெல்லாம் தூசி.

கதவு திறந்தது. வந்தவர் அகோசு. கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணம். டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மூட்டைக்குள் கைவிட்டுப் புண்ணாக்குத் துண்டு ஒன்றை எடுத்து, ஊறிய மாவில் உடைத்துப் போட்டார். நின்றபடியே, கரண்டிச் சத்தம்கூட வராமல் தின்றார்.

வேலைநிறுத்தம் முடிந்தும் வாத்தியார்களுக்குச் சம்பளம் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். இவருக்கும் வரவில்லை என்பது ஏனோ அவளுக்குத் தோன்றியதில்லை.

வந்த தும்மலை விழுங்கினாள்.

மறுநாள் அகோசு கேட்டார். “திருடன் கிடைச்சானா?”

“கிடைச்சான் சார். எலி.”

அகோசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“பெரிய எலியா?”

“பெருச்சாளி சார்.”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“சரி. முயல்களைத் தேத்திட்டு, எல்லாக் கூண்டையும் முதல்லேருந்து ஆரம்பி. கெடுவை நீட்டித் தரச் சொல்லி நான் பேசறேன். இந்த வருஷமே முடிச்சிடலாம்.”

சந்தையிலிருந்து புதுப் புண்ணாக்கு மூட்டை வந்தது. அதன் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, மேலே ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள் சேவூசே.

மிளகாயும் இஞ்சியும் போட்டுப் பொரித்த புண்ணாக்கு. முயல்கள் அதைத் தொடாது.